துயிலெழுந்தோரும் துயிலவைக்கப்பட்டோரும்
எச். ஜி. வெல்ஸின் அறியப்படாத நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான நாவலின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் எச். ஜி. வெல்ஸை (1866–1946) நம்மவர் பெரும்பாலும் நான்கைந்து நூல்களைக் கொண்டே அறிவர். 'கால யந்திரம்' (1895), 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' (1897), 'உலகங்களின் யுத்தம்' (1898) என்பன சுருக்கப் பதிப்புகளாகவும் திரைப்படங்களாகவும் உலகெங்கும் உலவுகின்றன. ஆனால் ஐம்பது ஆண்டுகள் ஓயாது எழுதிய ஒருவரை அவருடைய முதற் சில ஆண்டுகளின் எழுத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது நீதியாகாது. அவர் பிற்காலத்தில் எழுதிய நாவல்கள் பல இன்று படிப்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றுட் சில மறக்கப்படத் தக்கவை, சில மறக்கப்படலாகாதவை. எது எவ்வகையைச் சேர்ந்தது, ஏன் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

இஃது வெறும் இரசனை விளையாட்டன்று. மனித சமுதாயம் எவ்வாறு மாறும், யாரால் மாற்றப்படும் என்ற வினாவுக்கு ஒரு பேரறிவாளர் தம் வாழ்நாளெல்லாம் அளித்த விடைகள் இந்நாவல்களிலே பதிவாகியுள்ளன. அவர் எங்கே சரியாகக் கண்டார், எங்கே வழி தவறினார் என்பதை அறிவது, அதே வினாவோடு வாழும் நமக்கும் பயன் தருவதாகும்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் காண்போம். இலண்டனுக்கு அணித்தான புரொம்லி என்னும் ஊரில் நொடித்துப்போன ஒரு சிறு கடைக்காரரின் மகனாக அவர் பிறந்தார். தாயார் பெருமாளிகை ஒன்றிலே பணிப்பெண்ணாயிருந்தவர். பின்னர் வறுமை காரணமாக அம்மாளிகைக்கே வீட்டு மேற்பார்வையாளராகத் திரும்பியவர். வெல்ஸோ பதினைந்தாம் வயதளவில் புடைவைக் கடையொன்றிற் பயிலுநராக அமர்த்தப்பட்டு, அவ்வாழ்வை வெறுத்து, அதிலிருந்து தப்பி, 1884 இல் புலமைப்பரிசில் பெற்று இலண்டனில் விஞ்ஞானம் பயிலச் சென்றார். டார்வினின் கொள்கையை மக்களிடையே பரப்பிய தோமஸ் ஹக்ஸ்லி அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

இவ்வரலாறு மனங்கொள்ளத்தக்கது. வெல்ஸ் முதலாளியுமல்லர், ஆலைத் தொழிலாளியுமல்லர். இரண்டுக்கும் இடையே, எந்நேரமும் கீழே விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி வாழும் சிறு கடைக்கார வர்க்கத்திலிருந்து, கல்வி என்னும் ஏணியைப் பற்றி மேலே ஏறியவர். ஆதலின் இரண்டு உணர்ச்சிகள் அவருள்ளத்தில் இறுதிவரை குடியிருந்தன. உழைத்து நலிவோர்மீது உண்மையான இரக்கம் ஒன்று. அம்மக்கள் திரண்டெழுவரேல் என்னாகுமோ என்ற அச்சம் மற்றொன்று. 'கால யந்திர'த்தில் நிலத்தடித் தொழிலாளரின் வழித்தோன்றல்களை இருளில் வாழும் கொடிய உயிர்களாகப் படைத்தபோதே இவ்விரண்டும் ஒருங்கே வெளிப்பட்டன. தம்மை மீட்டது கல்வி என்பதனால், உலகை மீட்பவரும் கற்றவரே என்ற நம்பிக்கையும் அவருக்கு எளிதில் ஏற்பட்டது. இம்மூன்றின் இழுபறியே அவருடைய நாவல்களின் வரலாறு எனலாம்.

1899 இல் வெளிவந்த 'உறங்கியவன் விழிக்கும்போது' என்னும் நாவலை முதலில் எடுத்துக்கொள்வோம். கிரஹாம் என்பவன் 1897 இல் ஒரு விசித்திரமான துயிலில் ஆழ்ந்து, இருநூற்று மூன்று ஆண்டுகள் கழித்து 2100 இல் கண் விழிக்கிறான். அதற்கிடையில் அவனுடைய சொத்துக் கூட்டுவட்டியினாற் பெருகிப் பெருகி உலகிற் பாதியை விழுங்கிவிட்டது. அச்சொத்தை அவன் பெயரால் ஆளும் ஒரு சபையே உலக அரசாங்கமாகிவிட்டது. மக்களில் மூன்றிலொரு பங்கினர் நீலச் சீருடையணிந்த அடிமைத் தொழிலாளர். உறங்குபவன் ஒருவனின் பணம் விழித்திருப்போர் அனைவரையும் ஆள்கிறது என்ற இக்கற்பனையிலும் கூர்மையாக மூலதனத்தின் இயல்பைக் காட்டிய நாவல்கள் அக்காலத்தில் அரியவை.

கதையின் உயிர் ஒஸ்ட்ரொக் என்னும் பாத்திரத்தில் இருக்கிறது. அவன் மக்கள் எழுச்சியைத் தூண்டிச் சபையைக் கவிழ்க்கிறான். பின்னர் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மக்கள் மீண்டும் உழைப்புக்குத் திரும்ப வேண்டும் என்கிறான். கூட்டத்தை அவன் மதிப்பதில்லை. ஆளத் தெரிந்த சிலர் ஆளவேண்டும், ஏனையோர் அடங்கவேண்டும் என்பதே அவன் தத்துவம். கிரஹாம் அவனுக்கெதிராக மக்கள் பக்கம் நின்று, இறுதியில் வானூர்தியில் ஏறிப் போரிட்டு வீழ்கிறான். 1899 ஆம் ஆண்டு வெல்ஸுக்கு ஒஸ்ட்ரொக் வில்லன். இதனை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

குறைகளும் உள. அவசரத்தில் எழுதியதை வெல்ஸே ஒப்புக்கொண்டு 1910 இல் நூலைத் திருத்தி வெளியிட்டார். தொழிலாளரை ஒடுக்க ஆபிரிக்காவிலிருந்து கறுப்பின காவற்படை கொண்டுவரப்படுவதாக அவர் எழுதியது அக்கால நிறவெறியின் சாயல் படிந்தது. ஒரு நாட்டின் அடிமைப்பட்ட மக்களைக் கொண்டு மற்றொரு நாட்டின் உழைக்கும் மக்களை அடக்குவது ஏகாதிபத்தியத்தின் பழைய தந்திரம். அவ்வளவில் அவர் கண்டது உண்மையே. ஆனால் அப்படைவீரனும் ஒருகாலத்தில் தன் நிலத்தை இழந்தவனே என்ற எண்ணம் நாவலில் எவ்விடத்தும் எழவில்லை.

இனி, மறக்கப்பட்ட நாவல்களுள் தலைசிறந்தது என நாம் கருதும் 'வானத்துப் போர்' (1908). ரைட் சகோதரர் பறந்தது 1903 இல். அவர்கள் தம் விமானத்தை ஐரோப்பாவில் மக்கள் காணப் பறக்கவிட்டது 1908 இல். அதே ஆண்டில் வெளிவந்த இந்நாவல், வானூர்தி உலக நாகரிகத்தையே அழித்துவிடக்கூடும் என்று கூறியது.

இந்நாவலின் சிறப்பு அதன் நாயகனிலிருந்தே தொடங்குகிறது. பேர்ட் ஸ்மோல்வேய்ஸ் அறிஞனுமல்லன்; வீரனுமல்லன். இலண்டனுக்கு அருகே பன் ஹில் என்னும் சிற்றூரில், நண்பனொருவனோடு துவிச்சக்கர வண்டிக் கடை நடத்தி நட்டப்பட்டவன். கடை நொடித்தபின் இருவரும் கடற்கரையில் வேடமிட்டுப் பாடிப் பிழைக்க முயல்கின்றனர். அவ்வேளை தற்செயலாக ஒரு பலூனில் அகப்பட்டு வானில் தூக்கிச் செல்லப்படும் பேர்ட், ஜேர்மனியின் ஆகாயக் கப்பற்படை அமெரிக்காவைத் தாக்கப் புறப்படும் இடத்திற் போய் விழுகிறான். பறக்கும் யந்திரமொன்றின் இரகசியத் திட்டங்கள் அவன் கைக்கு வந்திருக்கின்றன. ஆகவே அவனையும் ஏற்றிக்கொண்டு படை புறப்படுகிறது.

உலகப் போரை ஒரு துவிச்சக்கர வண்டிக் கடைக்காரனின் கண்களாற் காட்டியதே வெல்ஸின் வெற்றி. தீப்பெட்டியொன்றை மறைத்து வைத்திருந்த குற்றத்துக்காக ஒரு படைவீரன் முழுப்படையும் காண ஆகாயக் கப்பலிலிருந்து தூக்கிலிடப்படுகிறான். அதனைக் கண்ட பேர்ட்டுக்குப் போரின் பெருமை பற்றி நாளேடுகள் ஊட்டிய மயக்கமெல்லாம் கலைகிறது. நியூயோர்க் நகரின் மேல் குண்டுகள் வீழ்கையில், மேலேயிருந்து பார்ப்போருக்கு மனிதர் சிறு புள்ளிகளாகின்றனர். கொல்பவன் கொல்லப்படுவோனின் முகத்தைக் காணாத போர்முறை ஒன்று பிறந்துவிட்டது என்பதை, அது பிறக்குமுன்னரே அவர் உணர்ந்துவிட்டார். ஆளில்லா விமானங்கள் குண்டு வீசும் இந்நாளில் அப்பக்கங்களை நடுக்கமின்றிப் படிக்கவியலாது.

நாவலின் சிந்தனை மேலும் ஆழமானது. ஆகாயப்படை ஒரு நகரை அழிக்கவல்லது; ஆனால் அதனைப் பிடித்து ஆளவல்லதன்று. நியூயோர்க்கின் தலைவர்கள் சரணடைகின்றனர். மக்களோ சரணடைய மறுத்துச் சுடத் தொடங்குகின்றனர். விளைவு, ஜேர்மானியரின் கையில் நகரம் வரவில்லை, இடிபாடுகளே எஞ்சுகின்றன. எவராலும் வெல்லவும் முடியாது, எவராலும் நிறுத்தவும் முடியாது என்ற நிலையில் போர் உலகெங்கும் பரவுகிறது. வங்கிகள் சரிகின்றன, நாணயத்தின்மீது கொண்ட நம்பிக்கை அழிகிறது, வாணிபம் நின்றுபோகப் பஞ்சமும் கொள்ளைநோயும் தொடர்கின்றன. குண்டு வீழாத ஊரையும் போர் கொன்றுவிடுகிறது. போரென்பது படைகளின் மோதல் மட்டுமன்று. சமூகத்தின் பொருளாதார நரம்புகளை அறுப்பது என்பதை 1908 இல் இவ்வளவு தெளிவாகக் கூறியோர் மிகச் சிலரே.

பேர்ட் இறுதியில் தன் ஊருக்கு மீண்டு, தன் காதலியை மணந்து, மண்ணைக் கிண்டிப் பிழைக்கிறான். பல ஆண்டுகளின் பின் அவன் தமையன் டொம், கிழவனாகி, பாழடைந்த இலண்டனைப் பற்றிப் பேர்ட்டின் சிறு மகனுக்குக் கதை கூறுவதோடு நாவல் முடிகிறது. இஃதெல்லாம் தொடங்கியிருக்கவே கூடாது என்பதற்கு மேல் அக்கிழவனுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. விடையளிக்காமல் வினாவோடு முடிவதே இந்நூலின் நேர்மை. வெல்ஸ் இங்கே எவரையும் மீட்பராகக் கொண்டுவரவில்லை.

ஆனாற் சிறந்த நூலும் குறையற்றதன்று. சீனரும் யப்பானியரும் சேர்ந்த ஆசியப் பெரும்படையொன்று இந்நாவலிலே வானை மறைத்துக்கொண்டு வருகிறது. அவர்களுள் ஒருவரேனும் பேர்ட்டைப் போல உள்ளம் படைத்த மனிதராக நமக்கு அறிமுகமாவதில்லை. ஆசியா என்றாலே முகமற்ற திரள் என்ற ஐரோப்பிய அச்சம் வெல்ஸையும் ஆட்கொண்டிருந்தது. வரலாறு இதற்கொரு கசப்பான விளக்கவுரை எழுதிற்று. விமானத்திலிருந்து முதற்குண்டு வீசப்பட்டது 1911 ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி. வீசியவர்கள் லிபியாவைக் கைப்பற்றச் சென்ற இத்தாலியர். இலண்டனின் மேல் ஜேர்மன் ஆகாயக் கப்பல்கள் குண்டு வீசியது அதற்கு மூன்றரை ஆண்டுகளின் பின், 1915 மே மாத இறுதியிலேயே. நியூயோர்க்கின் அழிவைக் கற்பனை செய்த மேதையின் கண்ணுக்கு, ஐரோப்பா தன் புதிய ஆயுதங்களை முதலிற் பரீட்சித்துப் பார்ப்பது ஆபிரிக்க ஆசிய மக்கள் மீதே என்ற எளிய உண்மை இந்நாவலிற் புலப்படவில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். விஞ்ஞான நாவலை மதிப்பிட, அதன் தீர்க்கதரிசனம் பலித்ததா என்று பார்த்தாற் போதாதா? போதாது என்பதற்கு 'விடுதலை பெற்ற உலகம்' (1914) சான்றாகும். அணுவின் ஆற்றலைக் கட்டவிழ்க்கும் வழி 1933 இல் கண்டுபிடிக்கப்படுவதாகவும், பின்னர் உலகப் போரில் அணுக்குண்டுகள் வீசப்படுவதாகவும் இதில் வெல்ஸ் எழுதினார். ஹங்கேரிய பௌதிகவியலாளர் லியோ சிலார்ட் 1932 இல் இந்நாவலைப் படித்தார். அடுத்த ஆண்டில், ஆம், 1933 இல், அணுச் சங்கிலித் தாக்கம் என்னும் கருத்து அவருக்கு இலண்டனிலே உதித்தது. உலக இலக்கியத்தில் இதற்கு ஒப்பான தற்செயல் வேறுண்டோ அறியோம்.

ஆயினும் நாவல் என்ற வகையில் அது தோல்வியே. அணுப்போரின் பின் உலகின் ஆட்சியாளர் சுவிற்சர்லாந்தின் ஏரிக்கரையிலே கூடி, முடிகளைத் தாமாகவே துறந்து உலக அரசை அமைக்கின்றனர். நகரங்களை இழந்த மக்கள் இதைப்பற்றி என்ன நினைத்தனர் என்பதற்கு நூலில் இடமில்லை. குண்டைப் பற்றிய தீர்க்கதரிசனம் 1945 இல் ஹிரோஷிமாவிற் பலித்தது. குண்டை வைத்திருப்போர் மனந்திருந்துவர் என்ற தீர்க்கதரிசனம் இன்னும் பலிக்கவில்லை. யந்திரத்தைப் பற்றி வெல்ஸ் சொன்னவை பெரும்பாலும் சரியாயின. அதிகாரத்தைப் பற்றி அவர் நம்பியவை பெரும்பாலும் பொய்த்தன.

இப்போக்கின் வித்தினை 'வால்வெள்ளியின் நாட்களில்' (1906) என்னும் நாவலிற் காணலாம். அதன் முற்பகுதி வெல்ஸ் எழுதிய மிகச்சிறந்த யதார்த்தச் சித்திரங்களுள் ஒன்று. மட்பாண்டத் தொழில் நகரொன்றில் வாழும் வில்லி லெட்ஃபோர்ட் என்னும் ஏழை எழுதுவினைஞன் சோசலிசம் பேசுகிறான். வேலையை விடுகிறான். அவன் காதலித்த பெண் செல்வர் வீட்டு மகனொருவனோடு சென்றுவிடுகிறாள். வர்க்கக் கோபமும் காதற் பொறாமையும் ஒன்றாய்க் கலந்து, கைத்துப்பாக்கியோடு அவர்களைத் துரத்துகிறான் வில்லி. அழுக்கும் புகையும் அவமானமும் நிறைந்த அந்நகரத்தை, அதனுள்ளே மூச்சுத்திணறிய ஒருவராலேயே அவ்வாறு எழுதவியலும்.

பின்னர் என்ன நிகழ்கிறது? வால்வெள்ளி ஒன்று பூமியோடு மோதுகிறது. அதனால் வளிமண்டலத்தின் நைதரசன் மாற்றமுற்றுப் பச்சைநிற வாயுவாகப் பரவ, மனிதர் யாவரும் சில மணிநேரம் உறங்கி, நல்லவர்களாக விழித்தெழுகின்றனர்! அமைச்சர்கள் தம் தவறுகளுக்கு வருந்துகின்றனர், நில உரிமை ஒழிகிறது, போர் நிற்கிறது. போராட்டமின்றி, அமைப்பின்றி, எவரும் எதனையும் கற்றுக்கொள்ளாமலே புதுவுலகம் பிறந்துவிடுகிறது. முற்பகுதியில் எழுப்பிய வினாவுக்குப் பிற்பகுதி விடை கூறவில்லை. வினாவை மயக்கமருந்து கொடுத்துப் படுக்கவைத்துவிட்டது. எனினும் முற்பகுதியின் உண்மைக்காக இந்நூலைக் கடைப்பட்டதெனத் தள்ள மனம் ஒவ்வவில்லை.

கடைப்பட்டது என நாம் கூறத் துணிவது 'வருங்காலத்தின் வடிவம்' (1933) என்னும் நூலையே. சர்வதேச சங்கத்தில் பணியாற்றிய ஒருவர் கனவிற் கண்டு எழுதிவைத்த, 2106 ஆம் ஆண்டுவரை நீளும் வரலாற்றுப் புத்தகமாக அது அமைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் உலகப் போர் 1940 இல் போலந்து பற்றிய தகராற்றில் மூளும் என்று அதில் அவர் எழுதினார். உண்மைப் போர் 1939 இல் அங்கேயே மூண்டது. ஆனால் முன்னர் கண்டவாறு, தீர்க்கதரிசனம் நூலைக் காப்பாற்றுவதில்லை.

போரும் கொள்ளைநோயும் உலகை நாசமாக்கியபின், விமானிகளும் பொறியியலாளரும் 1965 இல் பஸ்ராவிற் கூடி உலகை ஆளத் தலைப்படுகின்றனர். ஆகாயச் சர்வாதிகாரம் நிறுவப்படுகிறது. எதிர்ப்போர்மீது விமானத்திலிருந்து மயக்கவாயு தூவப்படுகிறது. வழிபாட்டிடங்கள் மூடப்படுகின்றன. மக்களின் மொழிகளுக்கு மேலாக ஆங்கிலம் உலகமொழியாகிறது. பல தலைமுறைகளின் பின் அச்சர்வாதிகாரம் தன் கடமை முடிந்ததென அமைதியாக ஓய்வு பெற, பூவுலகு பொன்னுலகாகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களில், பேர்ட் ஸ்மோல்வேய்ஸைப் போல நம் நெஞ்சில் நிற்கும் ஒரு மனிதனைக்கூட நாம் சந்திப்பதில்லை. மக்கள் என்போர் இங்கே புள்ளிவிவரங்கள். திருத்தப்பட வேண்டிய பொருள்கள். 1936 இல் வெல்ஸின் கதைவசனத்தோடு வெளிவந்த திரைப்படத்திலும் இம்மயக்கவாயு தவறாமல் இடம்பெற்றது.

பஸ்ரா என்ற இடத்தேர்வையும் சிந்தித்தல் வேண்டும். 1920 இல் ஈராக்கிய மக்கள் பிரித்தானிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 1922 முதல் அந்நாட்டை அடக்கியாளும் பொறுப்பு பிரித்தானிய விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பணிய மறுத்த கிராமங்கள் குண்டுவீச்சுக்கு இரையாயின. இது நிகழ்ந்த மண்ணிலேயே, உலகமக்களைக் காக்கும் ஆகாயக் காவலின் தலைமையகத்தை வெல்ஸ் கற்பனையில் அமைத்தார். குண்டுக்குப் பதில் மயக்கவாயு. ஏகாதிபத்திய அதிகாரிக்குப் பதில் பொறியியலாளர். மேலே பறப்பவன் ஆள்வான், கீழே நிற்பவன் அடங்குவான் என்ற உறவுமட்டும் மாறவில்லை.

இப்பொழுது ஒஸ்ட்ரொக்கிடம் திரும்புவோம். மக்களை இகழ்ந்து, வானூர்திகளின் பலத்தினால், ஆளத் தெரிந்தவன் ஆள்வான் என்ற அவன் தத்துவத்தை 1899 இல் வெல்ஸ் வெறுத்தெழுதினார். அதே தத்துவம் 1933 இல் உலகரட்சகர்களின் தத்துவமாகிவிட்டது. வில்லன் நாயகனானான், அவனுடைய உடையும் மொழியுமே சிறிது தூய்மைப்படுத்தப்பட்டன. 1932 இல் ஒக்ஸ்ஃபோர்டில் லிபரல் கட்சி இளைஞரிடையே பேசியபோது, தாராளவாதப் பாசிஸ்டுகள் வேண்டும் என்று சொல்லுமளவுக்கு வெல்ஸ் சென்றார். பாசிசத்தின் கொள்கையை அவர் வெறுத்தார் என்பதில் ஐயமில்லை. நாசிகள் அவருடைய நூல்களை எரித்தனர். ஆனாற் சிலர் கூடிப் பலரை ஆளும் அதன் முறையில் ஒரு கவர்ச்சி அவருக்கு இருந்தது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது? ஸ்பானியப் போர்க்களத்தில் 1937 இல் உயிர்நீத்த இளம் விமர்சகர் கிறிஸ்தோபர் கோட்வெல், வெல்ஸைச் சிறுமுதலாளித்துவ வர்க்கத்தின் கற்பனாவாதியாகக் கண்டார். அக்கணிப்பின் அடிப்படை சரியே. 1903 இல் பேபியன் சங்கத்திற் சேர்ந்த வெல்ஸ் 1908 இல் வெளியேறினார். 1920 இல் மொஸ்கோ சென்று லெனினைச் சந்தித்தபோது, உருசியாவை மின்மயமாக்கும் திட்டத்தை அவராற் கனவாகவே காணமுடிந்தது. பின்னர் உருசியாவில் மின்நிலையங்கள் எழுந்தன. உலகிற் பறக்கும் யந்திரமும் அணுக்குண்டும் வருமென நம்பியவருக்கு, எழுத்தறியா உழவர் நாடொன்று தன் உழைப்பால் எழுமென்று நம்ப இயலவில்லை. 1934 இல் ஸ்டாலினோடு உரையாடியபோதும், சமுதாயத்தை மாற்றும் பணியிலே தொழில்நுட்ப அறிவாளரின் பங்கையே அவர் வலியுறுத்தினார்.

ஆனாற் கோட்வெல்லின் கணிப்போடு நாம் நின்றுவிடலாகாது. வெல்ஸின் வர்க்கமே அவருடைய தோல்விகளுக்குக் காரணமெனின், பேர்ட் ஸ்மோல்வேய்ஸ் எங்கிருந்து வந்தான்? அவனும் அதே சிறுகடையிலிருந்து வந்தவனே. தம் வர்க்கத்தின் வாழ்வை நேர்மையாக நோக்கியபோது வெல்ஸ் மகத்தான கலைஞரானார். அவ்வர்க்கத்தின் அச்சத்தைத் தத்துவமாக்கி உலகுக்கு உபதேசித்தபோது கலையையும் இழந்தார், மக்களையும் இழந்தார். மற்றவர்க்காகத் திட்டம் தீட்டியவர் மற்றவரைக் காண்பதை விட்டுவிட்டார்.

இந்நாவல்களை வரிசையாகப் படிக்கும்போது ஓர் எளிய அளவுகோல் நம் கைக்கு வருகிறது. நல்ல நாவல்களில் மக்கள் விழித்திருக்கின்றனர். தடுமாறியும் அஞ்சியும் தவறிழைத்தும் அவர்கள் விழித்தேயிருக்கின்றனர். தோற்ற நாவல்களில், உலகம் மாறும் வேளையில் அவர்கள் துயிலவைக்கப்பட்டிருக்கின்றனர். ஒருமுறை வால்வெள்ளியால், மறுமுறை விமானத்திலிருந்து தூவிய வாயுவால். வாயு நிறம் மாறினும் நோக்கம் ஒன்றே.

இவ்வளவுகோல் வெல்ஸுக்கு மட்டும் உரியதன்று. மக்கள் தம் நன்மையைத் தாம் அறியார், அறிந்த சிலரிடம் யாவற்றையும் விட்டுவிடுக என்ற குரல் இன்றும் கேட்கிறது. நிபுணர் குழுவின் பெயராலும், யந்திர அறிவின் பெயராலும், நாட்டு நலத்தின் பெயராலும் அது நம்மிடம் வந்து பேசுகிறது. உயர்வகுப்பு மாணவருக்கு 'வானத்துப் போர்' நூலையும் 'வருங்காலத்தின் வடிவம்' நூலையும் அருகருகே வைத்துப் படிக்கக் கொடுக்கும் ஆசிரியர், நீண்ட விளக்கங்கள் கூறவேண்டியதில்லை. இந்த மாற்றம் நிகழ்ந்தபோது மக்கள் எங்கே இருந்தனர் என்ற ஒரு கேள்வியைக் கேட்டாற் போதும். அக்கேள்வியை நூலிடம் கேட்கப் பழகிய மாணவன், நாளை அதனை ஆட்சியாளரிடமும் கேட்பான்.